மேட்டுப்பாதையைக் கேட்டு வந்தவன்

லாவோஸின் செக்கோங் மலைப்பக்கம் மோட்டார் சைக்கிளில் போகிற எவரும் ஒருநாள் புவாலையிடம் வந்து நின்றே ஆக வேண்டும். ஓடையைத் தாண்டியதும் செம்மண் சாலை கல்லும் குழியுமாகிவிடும். ட்யூப் கிழியும், செயின் அறும், சைலன்சர் கழன்று தொங்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேறினால் தகரக்கூரை போட்ட பட்டறை ஒன்று வரும். அதன் வாசலில் கிரீஸ் படிந்த பாவாடையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். வயது நாற்பத்தாறு.

பட்டறை அவள் புருஷன் சொம்லித் வைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். மலேரியாவில் அவன் போனபிறகு, பொம்பளை கையில் வண்டியைக் கொடுக்க ஆறு மாதம் ஒருவரும் வரவில்லை. கிளட்ச் ஒயர் அறுந்து வேறு வழியில்லாமல் நின்ற எருமை வியாபாரி ஒருவன் முதலில் கொடுத்தான். அப்புறம் எல்லோரும் வந்தார்கள்.

வருகிறவனை அவள் ஏற இறங்கப் பார்ப்பாள். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், யாரைப் பார்க்க என்று மூன்று கேள்வி கேட்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேர் ஒரே வண்டியில் வந்தார்கள். பஞ்சர் போடச் சொல்லிவிட்டு, அவள் கொடுத்த ஒட்டரிசிச் சோற்றையும் சுட்ட மீனையும் சாப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் கட்ட இடம் பார்க்கிறோம் என்றார்கள். எந்தத் தரிசு யாருடையது, எல்லை எதுவரை என்று கேட்டார்கள். தன்னையும் மதித்துக் கேட்கிறார்களே என்ற பூரிப்பில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்த மழைக்கு அவளுடையது உட்பட பன்னிரண்டு குடும்பத்துத் தரிசிலும் கம்பெனி நட்ட ரப்பர் கன்று வரிசை கட்டி நின்றது. உன்னால்தான் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. அவளே தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

டெர்க் வந்தது ஒரு மாசிக் காலையில். நாற்பது வயது வெள்ளைக்காரன். பிரேக் லீவர் ஒடிந்திருந்தது. கைப்பிடியில் பொருத்தியிருந்த போனில் அவன் வந்த வழி கோடாக விழுந்திருந்தது. சட்டைப்பையில் ஒரு நோட்டு. இதையெல்லாம்விட அவளை உறுத்தியது அவன் பேசிய லாவோதான். சந்தைக்காரி மாதிரி சரளமாகப் பேசினான்.

"அக்கா, ஊருக்குப் பின்னால ஒரு மேட்டுப்பாதை போகுதாமே?"

"யாரு சொன்னா?"

"கீழ ஊர்ல ஒருத்தர்."

"எந்த ஒருத்தர்?"

அவன் சிரித்தான். பெயர் கேட்கவில்லையாம். வண்டியில் ஊர் சுற்றுகிறவர்களுக்காக வரைபடம் போடுகிறானாம். அந்தப் பாதையின் முடிவில்தான் ஊருக்கு மிஞ்சிய ஏலக்காய்க் காடும் மலைநெல் வயலும் இருந்தன.

"காசு செலவு பண்ணி இந்தக் குழியில விழ ஆள் வருதா, தம்பி?"

"வருதுக்கா. எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு."

அவள் அதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை. லீவரை மாற்றிக் கொடுத்தாள். விழுந்து கிடக்கும் மரத்துக்கு இடப்பக்கம் திரும்பினால் மேட்டுப்பாதை வரும் என்று கைகாட்டினாள். அந்த வழி ஆறு கிலோமீட்டரில் சதுப்பில் போய் முடிவது அவளுக்குத் தெரியும். சகதியில் புரண்டு, அலுத்துப்போய் சாலைக்குத் திரும்பட்டும் என்று நினைத்தாள்.

அவன் போய் அரைமணி நேரத்தில் ஊர்த்தலைவர் கம்பேட் செயினை இறுக்கிக்கொள்ள வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"சதுப்பு வந்தா அவன் திரும்பிடுவான்னா நெனக்கிற? சுத்திப் போக வழி தேடுவான். இடது சரிவுல ஏறுவான்."

புவாலையின் கையிலிருந்த ஸ்பானர் நின்றது. சண்டைக் காலத்துக் குண்டுகள் வெடிக்காமல் புதைந்து கிடக்கும் சரிவு அது. குண்டு எடுக்கிறவர்கள் பாதிவரை வந்து, சிவப்பு பூசிய கற்களை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"சிவப்புக் கல்லைப் பார்த்தா அவனுக்குப் புரியும்ல?" என்றாள்.

"கல்லு மேல காடு மண்டி மூணு மழை ஆச்சு."

அவள் தன் வண்டியை உதைத்துக் கிளப்பினாள்.

சதுப்பின் ஓரத்தில் அவன் டயர் தடம் இடப்பக்கம் ஏறியிருந்தது. முப்பதடி தள்ளி, மூங்கில் புதரில் வண்டி சாய்ந்து கிடந்தது. அதன் அடியில் அவன் கால் மாட்டியிருந்தது. அவளைக் கண்டதும் கையை ஊன்றி எழப் பார்த்தான்.

"அசையாதீங்க. கையை எங்கயும் ஊனாதீங்க," என்றாள். "இது குண்டு கெடக்கிற எடம்."

அவன் கையை மெதுவாக நெஞ்சின் மேல் எடுத்து வைத்துக்கொண்டான்.

டயர் தடத்தின் மேலேயே ஒரு காலுக்கு முன் மறுகாலாக வைத்து அவள் ஏறினாள். முப்பதடியைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனதென்று அவளுக்குப் பிற்பாடு சொல்லத் தெரியவில்லை. முதுகு நனைந்ததும், எங்கோ ஒரு குயில் விடாமல் கூவியதும் மட்டும் நினைவிருந்தது. வண்டியைத் தூக்கிப் பிடித்தாள். அவன் காலை உருவிக்கொண்டு, கைப்பிடியில் இருந்த போனைக் கழற்றி எடுத்தான். அவள் இடுப்புத்துணியைப் பிடித்தபடி அதே தடத்தில் பின்னாலேயே நொண்டி இறங்கினான். வண்டியை அங்கேயே விட்டார்கள். நான்கு நாள் கழித்து குண்டு எடுக்கிறவர்கள் வந்து அதை மீட்டார்கள். அது கிடந்த இடத்துக்கு நான்கு முழம் தள்ளி இரண்டு குண்டுகள் இருந்தனவாம்.

பட்டறைக்குத் திரும்பியதும் அவன் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்தான்.

"தெரிஞ்சுதான் அந்தப் பக்கம் அனுப்புனீங்களா அக்கா?"

"ஆமா. சகதியோட திரும்பிடுவீங்கன்னு நெனச்சேன். சரிவு எனக்கு நெனப்பு வரல." ரப்பர் கதையையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. ஒரு குண்டான் சோறும் மீனும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

அவன் போனை எடுத்துக் காட்டினான். கீழூர்க்காரன் சொன்னதை வைத்து மேட்டுப்பாதையைப் புள்ளிக்கோடாக ஏற்கெனவே போட்டிருந்தான். அவள் கண்ணெதிரே அதை அழித்தான். சரிவின் மேல் சிவப்புக் குறி போட்டான்.

"அழிச்சது உள்ள எங்கயாவது இருக்குமா?"

"என்கிட்ட இருக்கிறதுல இருக்காது."

அது முழுப் பதில் இல்லை என்பதை அவள் குறித்துக்கொண்டாள்.

அடுத்த கோடையில் அவன் அச்சடித்த வரைபடத்தோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அதில் அவள் பட்டறை இருந்தது, சரிவு சிவப்பாக இருந்தது. ஒவ்வொருவர் வரைபடத்தையும் வாங்கி வண்டி சீட்டில் விரித்து, ஊருக்குப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள். அங்கே வெறும் பச்சைதான். அதற்கப்புறமே வேலையில் கை வைப்பாள்.

டெர்க் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறான். வந்தால் மீன் சுட்டுப் போடுகிறாள், அவன் வண்டிக்கு நல்ல சாமானாகப் பார்த்துப் போடுகிறாள். பட்டறையைச் சுற்றி, மேட்டுப்பாதை தொடங்கும் பின்பக்கம் போக மட்டும் விடுவதில்லை. அவனும் கேட்பதில்லை.