மக்காச்சோளம் என்ற தலைப்பு

ஆபாவை நினைத்தால், பெசன்ட் நகரில் என் வீட்டு மேசைமேல் திறந்தே கிடந்த மடிக்கணினியும், அதை யாருமே பார்க்காமல் உட்கார்ந்திருந்த சில நிமிடங்களும்தான் முதலில் வருகின்றன.

உருதுவில் அக்கா என்ற பொருளில் அவரை ஆபா என்று கூப்பிடுவோம். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், என்னோடு கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில், தானியங்களைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஏற்றிருந்தார். எங்களைப் பாடாய்ப் படுத்தியது சோளம். சென்னையில் நாங்கள் சோளம் என்பது கடற்கரையில் சுட்டு விற்கும் மஞ்சள் கதிரை. தெற்கே பல ஊர்களில் அந்தப் பெயருக்கு உரியது வேறொரு சிறு தானியம். களஞ்சியத்தில் இரண்டும் கலந்து, ஒன்றின் படத்துக்கு அடியில் மற்றதன் சாகுபடி முறை இருந்தது. மஞ்சள் கதிருக்கு 'மக்காச்சோளம்' என்று தலைப்பிட்டுப் பிரித்துவிடலாம் என்றார் ஆபா. எங்கள் தொகுப்புக் குழுவிலிருந்த மயிலாப்பூர்க்காரர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, விவாதப் பக்கத்தில் ஒரே வரி எழுதினார்: "அந்த மக்கா நமக்கு எதற்கு?"

ஆபா அங்கே பதில் எழுதவில்லை. அப்போது அவருக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. உடம்பு முடியாதபோதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் வீட்டில் சந்திக்க ஏற்பாடு செய்தார்.

"தமிழ்ல நல்ல பேரா வைக்கலாமேன்னுதான் எழுதினேன்" என்றார் வங்கி அதிகாரி.

"நாம பேரு வைக்க வரல சார். ஜனங்க வச்ச பேர எழுத வந்துகீறோம்" என்றார் ஆபா. பிறகு கேட்டார்: "அந்த மக்கா உங்களுக்கு உறுத்துதா?"

அவர் திறந்திருந்த மடிக்கணினியை மெல்ல ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"இல்லேன்னு சொன்னா பொய்" என்றார் அவர், தலை நிமிராமல்.

"நீங்க எழுதுனது எனக்கும் உறுத்திச்சு. அந்தப் பேரு மெக்கா நகரத்துலேர்ந்துதான் வந்துச்சான்னு எனக்கும் தெரியாது. சான்று கெடச்சா எழுதுவோம். இல்லாங்காட்டி தெரியலன்னே வுட்டுடுவோம்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆபாவும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவரே அந்த வேலையில் இறங்கினார். சோளம் என்ற சொல் வரும் ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து, எந்தச் சோளம் என்று படித்து உறுதிசெய்து, சரியான பக்கத்தோடு இணைத்தார். சந்தேகம் வந்தால் ஆபாவைத் தொலைபேசியில் அழைப்பார். டயாலிசிஸ் நடக்கும்போதும் ஆபா எடுத்துப் பேசுவார். நாளடைவில் தானியத்தைவிட உடம்பைப் பற்றிய விசாரிப்புதான் அதிகமாயிற்று.

வேலை முடிவதற்குள் ஆபா போய்விட்டார்.

துக்கம் கேட்க நானும் வங்கி அதிகாரியும் சேர்ந்து போனோம். குறுகிய தெருவில், வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் ஆண்கள் அமர்ந்திருந்தார்கள். எப்படித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது என்று தெரியாமல் அவர் தயங்கி நின்றார். ஆபாவின் கணவர் அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"சோளம் சாரா நீங்க?" என்றார். "வாங்க. போன் வந்தா போதும், 'சோளம் சார்தான்'னு சிரிச்சிக்கினே எடுப்பா."

அவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் புறப்பட்டபோதும் அவர் எழுந்திருக்கவில்லை.