அண்ணா கழற்றி வைத்த பெயர்

இந்த நினைவு மலரின் அட்டையில் உள்ள பெயரைப் பார்த்ததும், வேறு யாருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கோ வந்துவிட்டோமென்று சிலர் திகைக்கக்கூடும். திகைக்க வேண்டாம். படத்தில் இருப்பவர் எங்கள் அண்ணாதான். பார்க்கர் என்று உங்களில் பலர் அறிந்திருந்தவர் சென்ற ஆண்டு சட்டப்படி கதிரவேலு ஆனார். ஏன் ஆனார் என்பதை அவருடைய ஒரே தங்கையாகிய நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணா யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பிறந்தவர். எங்கள் பாட்டனாரின் தந்தை, பூட்டனார் கதிரவேலு, மிஷன் பள்ளியில் சேர்ந்தபோது, அவருடைய படிப்புக்கு உதவிய வெள்ளைக்காரக் கனவானின் பார்க்கர் என்ற பெயரைப் பாதிரியார் அவருக்கு வைத்துவிட்டார். அந்தக் காலத்து மிஷன் பள்ளிகளில் அது வழக்கம். படிப்பு முடிந்ததும் பூட்டனார் மறுபடி திருநீறு பூசிக்கொண்டார். பெயர் மட்டும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒட்டிக்கொண்டே வந்தது. திருவெம்பாவைக்குச் சங்கு ஊதுகிற பார்க்கர் குடும்பம் என்று ஊரில் எங்களைப் பகிடி பண்ணுவார்கள். அண்ணாவும் சேர்ந்து சிரிப்பார்.

எங்களைப் பெற்ற ஐயா காலமானபோது அண்ணாவுக்குப் பதினேழு வயது. படிப்பை விட்டுக் கொழும்பில் ஒரு கம்பனியில் கிளாக்காகச் சேர்ந்து, என்னைப் படிப்பித்து, கலியாணமும் செய்து வைத்தார். தனக்கென்று ஒன்றும் தேடவில்லை. கோபக்காரர்தான், சோற்றில் ஒரு கல் கடிபட்டால் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவார். ஆனால் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தமிழரைத் தேடித் தேடித் தாக்கிய ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கனடா வந்தார். பார்க்டேலில் ஆறு பேர் இருந்த அறையில் தங்கி, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பின்னர் நானும் கணவரும் வந்து சேர, ஸ்காபரோவில் ஒன்றாகக் குடியிருந்தோம். ஆனால் இங்கே நான் கண்டவர் பழைய அண்ணா அல்லர். யாராவது "மிஸ்டர் பார்க்கர்" என்று கூப்பிட்டால் முதலில் தனக்குப் பக்கத்தில் பார்ப்பார். அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். பிறகுதான் பதில் சொல்வார். பஸ்ஸில் இருக்கை வெறுமையாகக் கிடந்தாலும் நின்றுகொண்டே வருவார். எனக்குப் பயமாக இருக்கும்.

கொழும்பில் அண்ணாவுடன் ஒரே அறையில் இருந்த நண்பரின் தாயார், மகளோடு எங்கள் கட்டடத்தில் அதே மாடியிலேயே வந்து குடியேறினார். மகனைக் கலவரத்தில் பறிகொடுத்தவர். கடைசி நேரத்தில் மகனுடன் இருந்தவர் அண்ணா என்பதால், அண்ணாவைக் கண்டால் அதைப் பற்றியே கேட்பார். சனத்துக்குள் பிரிந்துபோனோம் என்று அண்ணா சொல்லியிருந்தார். அந்த அம்மா கறி கொண்டுவந்து கதவைத் தட்டினால், அண்ணா குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வார்.

பெயர் மாற்றும் படிவத்தை நான்தான் நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில், முன்னோரின் பெயரை மீட்க என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அண்ணா அழத் தொடங்கினார்.

"அது காரணம் இல்லைப் பிள்ளை. பார்க்கர் எண்டு சொல்லித்தான் நான் தப்பினனான்."

அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னார். இருவரும் வேலையை விட்டுக் கந்தோரிலிருந்து அறைக்கு ஓடி வந்துகொண்டிருந்தபோது ஒரு கும்பல் மறித்துப் பெயர் கேட்டது. அண்ணா கந்தோரில் தந்த அடையாள அட்டையைக் காட்டினார். பார்க்கர் என்றதும் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் என்று நினைத்து வழிவிட்டார்கள். பிறகு நண்பரைக் காட்டி, இவன் உன்னோடு வந்தவனா என்று கேட்டார்கள். இல்லை, ஆரென்று தெரியாது என்று அண்ணா சொன்னார். நண்பர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். அண்ணாவை ஒருமுறை பார்த்தாராம். அண்ணா திரும்பிப் பாராமல் நடந்து போய்விட்டார்.

புதுப் பெயருக்கான பத்திரம் வந்த அன்று, அந்த நண்பன் இனியாவது தன் பக்கத்தில் வந்து நிற்காமல் விடுவானா என்று என்னிடம் கேட்டார். விடவில்லை. நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தாதி வாய் நோகக் கதிரவேலு என்று கூப்பிட்டாள். அப்போதும் அண்ணா பக்கத்தில்தான் பார்த்தார். நாலாம் நாள் எங்களை விட்டுப் பிரிந்தார். அதற்கு முதல் நாள், அந்தத் தாயிடம் உண்மையைச் சொல்லத் தன்னால் முடியாமல் போய்விட்டதென்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இறுதிக் கிரியைகளைச் செய்வித்த குருக்களுக்கும், தோள் கொடுத்த பார்க்டேல் அறை நண்பர்களுக்கும், பனிக்குள்ளும் வந்து ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முப்பது நாளும் எங்களை அடுப்பு மூட்டவிடாமல் சமைத்துத் தந்தவர் அந்தத் தாயார்தான். அவருக்கு வெறும் நன்றி எழுத எனக்குக் கை வரவில்லை. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. இதை எழுதட்டா, விடட்டா என்று கேட்டேன்.

"எழுது," என்றார். "என்ரை பிள்ளைக்கு ஒரு செத்தவீடும் நடக்கேல்லை, ஒரு புத்தகமும் அடிக்கேல்லை. உங்கடை புத்தகத்திலை அவன்ரை பேரைப் போடு."

அண்ணாவின் சார்பில் போடுகிறேன். அமரர் பொன்னையா மகாலிங்கம். அவர் எங்கள் அண்ணாவோடு வந்தவர்.