கலப்பத்துக்காரரின் லொறி

கதிராமன் அத்தான் வெறும் ஆணியை மரத்தில் இறக்கியதை ஒருவரும் கண்டதில்லை. புன்னை எண்ணெயில் குங்கிலியத்தைக் காய்ச்சி ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பார். அதில் தோய்த்து எடுத்த ஆணிதான் வள்ளத்தில் இறங்கும். உப்புத்தண்ணீர் உள்ளே வருவதற்கு முதலில் தேடுவது ஆணித்துளையைத்தான் என்பது அவருடைய கட்சி.

இலங்கைத்துறையில் பிறந்தவர். வள்ளங்களுக்குக் கலப்பத்து அடித்தபடியே கரையோரமாக வடக்கே வந்து, சல்லி என்ற எங்கள் கரையூரில் என் அக்கா சிவகாமிப்பிள்ளையைக் கலியாணம் முடித்துத் தங்கிவிட்டார். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, மேலே குங்கிலியத்தைப் பூசி அடைப்பதுதான் கலப்பத்து. அவர் அடைத்த வள்ளத்தில் தண்ணீர் இறைக்கச் சிரட்டை தேவையில்லை என்று ஊரில் சொல்வார்கள். அதை அவர் காதுபடச் சொன்னால், "சிரட்டை வேணும், தேத்தண்ணி குடிக்க" என்பார். வெட்கம் வந்தால் மீசையின் இடது பக்கத்தை மட்டும் கடிப்பார். வலது பக்கம் எப்போதும் ஒழுங்காக இருக்கும்.

அப்படிப்பட்டவர் லொறிக்காரரானது யப்பான்காரனால். நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில் பக்கத்துப் பட்டினத்துத் துறைமுகத்தில் குண்டு விழுந்ததும் அங்கே பாதிப் பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். கடைக்காரர் கனகசுந்தரம் யாழ்ப்பாணம் போகத் துடித்தார். அவரிடம் கிழட்டு லொறி ஒன்று இருந்தது, பெற்றோல் இல்லை; யுத்தத்தில் அது கூப்பனுக்கு மட்டும்தான். அத்தானிடம் பாய் கட்டிய வள்ளம் இருந்தது. "காத்துக்குக் கூப்பன் தேவையில்லைத்தானே" என்றார் கனகசுந்தரம். இருவரும் மாற்றிக்கொண்டார்கள். அக்கா மூன்று நாள் அத்தானோடு கதைக்கவில்லை.

நாலாம் நாள் கதைத்தாள், ஏனென்றால் பாஸ் கிடைத்திருந்தது. சல்லிக் கரைவலை மீனைக் காலையில் துறைமுகத்துக்குள் கடற்படைக்குச் சமைக்கும் குசினிக்குக் கொண்டுபோகும் பாஸ். அது இருக்கும்வரை பெற்றோல் கூப்பனும் வரும். அது போனால் லொறி கோழி அடைக்கத்தான் ஆகும். வள்ளமும் இல்லை.

அடுத்த வருசம் ஐப்பசி, மழை தொடங்குவதற்கு முன் அத்தான் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் லொறிக்குக் கலப்பத்து அடித்தார். கடற்காற்றில் இரும்பு தின்னப்படுகிறது என்று அவருக்குப் பொறுக்கவில்லை. எட்டிய திருகாணியையெல்லாம் கழற்றி, குங்கிலியத்தில் தோய்த்து, பூட்டினார். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாக மினுங்கியது. "இனி இதைக் கடலிலயும் ஓட்டலாம்" என்றார்.

அதற்கடுத்த நாளிலிருந்து லொறி கிளம்பச் சோம்பல்பட்டது. ஸ்டாட்டரை அழுத்தினால் சினைமாடு எழும்புகிறமாதிரி ஒரு முக்கல், நீண்ட இடைவெளி, இன்னொரு முக்கல். கையால் சுற்றும் கம்பியும் உதவவில்லை. அதை மாட்டும் பல் தேய்ந்து வழுக்கியது. சல்லியில் தள்ளிவிட ஆள் உண்டு. துறைமுக வாசலில்தான் சிக்கல். அங்கே என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் லொறியைச் சோதிப்பார்கள். முதல் நாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டாம் நாளும் நின்றது. நாலு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேர்த்து விறுவிறுக்கத் தள்ளினார்கள். வாசலில் கணக்கு எழுதும் கிளாக்கர் அத்தானைக் கூப்பிட்டு, "இன்னொருக்கா நிண்டால் பாஸைக் கிழிக்கச் சொல்லிப்போட்டார் துரை" என்றார்.

அத்தான் கிண்ணியாவுக்கு ஆளனுப்பி முஹம்மது தம்பி காக்காவைக் கூப்பிட்டார். ஊரெல்லாம் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் அவர் பழைய மோட்டார்களின் குணம் தெரிந்தவர். வந்ததும் முன்விளக்கைப் போடச் சொன்னார், ஸ்டாட்டரை அழுத்தச் சொன்னார்.

"வெளிச்சம் மங்குதா?"

"இல்லை காக்கா, அப்படியே நிக்குது."

"அப்ப பற்றரி நல்லம். பற்றரியில இருக்கிற பலம் ஸ்டாட்டருக்குப் போகயில்ல. நடுவில எங்கயோ நிண்டு சுருட்டுப் பத்துது."

பற்றரித் தலையில் பூத்திருந்த வெள்ளைப் பூவைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார். ஸ்டாட்டரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். முக்கல் குறையவில்லை. மாலையாகிவிட்டது.

"நாளைக்கு நானும் வாறன்" என்றார். "நிண்டா நான் தள்ளுறன்."

"உங்கட வண்டியையே ஆராவது தள்ள வேணும் போல இருக்கு" என்றாள் அக்கா, அவருடைய தொப்பையைப் பார்த்து. வண்டி என்றால் எங்கள் ஊரில் வயிறும்தான்.

மறுநாள் அரிசிக் கூப்பனுக்காக அக்காவும் நானும் லொறியில் ஏறினோம். காக்கா பின்னால் பாரைமீன் பெட்டிமேல் இருந்தார். வாசலில் அத்தான் என்ஜினை நிறுத்தியதும் கையைச் சாரத்தில் மூன்று தரம் துடைத்தார். சிப்பாய் சோதித்து முடித்துக் கையைக் காட்டினான். அத்தான் அழுத்தினார்.

முக்கல்.

பின்னால் இரண்டு இராணுவ லொறிகள் ஹோர்ன் அடித்தன. கிளாக்கர் எழும்பி வந்து கண்ணாடியில் ஒட்டியிருந்த பாஸையே பார்த்தார். அத்தான் மறுபடியும், மறுபடியும் அழுத்தினார். இருக்கைக்குக் கீழிருந்து மெல்லிய புகை வந்தது.

"இஞ்சேருங்கோ, ஆர் இந்த நேரத்தில வள்ளம் பூசுறது?" என்றாள் அக்கா மூக்கைப் பிடித்து.

அத்தானின் கை நின்றது. காற்றை ஒருதரம் இழுத்தார். "என்ர குங்கிலியம்" என்றார், குதித்து லொறிக்கடியில் புகுந்தார். காக்காவும் பெட்டியிலிருந்து உருண்டு இறங்கி மறுபக்கத்தால் புகுந்தார். வெளியே நாலு கால்கள் மட்டும் தெரிந்தன.

"அல்லாவே! பற்றரியிலயிருந்து வாற செம்புப் பட்டி இது. லொறிச் சட்டத்தோட பூட்டின இடம் கொதிக்குது. இதுக்குள்ள என்ன பூசினீங்க?"

"உப்புப் படாமல்..."

"ஆணியையுமா தோய்ச்சீங்க?"

"தோய்க்காமல் எப்பிடிப் பூட்டுறது காக்கா?"

"நான் கிறீஸ் எண்டெல்லோ நினைச்சன்! ஸ்டாட்டருக்குப் போன கரண்ட் இந்த இரும்பு வழியாத் திரும்பி வர வேணும். நீங்க அது வாற வாசலுக்குக் கலப்பத்து அடிச்சுப்போட்டீங்களே!"

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே, வாசல் எதெண்டு."

"கத்தியைத் தாங்க, கத்தியை!"

மீன் வெட்டும் கத்தியை அக்கா நீட்டினாள். கீழே சுரண்டும் சத்தம் கேட்டது. கிளாக்கர் கைக்கடிகாரத்தைச் சிப்பாயிடம் காட்டி ஏதோ சொன்னார். சிப்பாய் வந்து பாஸின் ஒரு மூலையை நகத்தால் உரித்தான். நான் அந்த மூலையைப் பார்க்காமல் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் பாஸை உள்பக்கத்திலிருந்து உள்ளங்கையால் அமர்த்திப் பிடித்திருந்தாள், நடுவில் கண்ணாடி இருக்கிறதென்ற நினைப்பே இல்லாமல்.

அத்தான் வெளியே வந்தார். முகமெல்லாம் கரி. ஏறி, ஒருதரம் அழுத்தினார். கையை எடுக்கமுதல் என்ஜின் பிடித்துக்கொண்டது. அப்படியொரு சுறுக்கு அதற்கு இருந்ததென்று எங்களுக்கே தெரியாது. சிப்பாய் பயந்து ஓரடி பின்னால் போனான். பிறகு சிரித்து, உரித்த மூலையை எச்சில் தொட்டு ஒட்டினான்.

குசினியில் மீனை இறக்கித் திரும்பும்போது வாசலில் மறுபடியும் நிறுத்த வேண்டும், அதுதான் சட்டம். அத்தான் என்ஜினை நிறுத்தினார். சோதித்தார்கள். எல்லோரும் அவருடைய கையைப் பார்த்தார்கள். அழுத்தினார். லொறி உடனே உறுமியது. கிளாக்கர் புத்தகத்தில் அடையாளம் போட்டு, "நாளைக்கும் வாங்கோ" என்றார்.

அத்தான் மீசையின் இடது பக்கத்தைக் கடித்தபடி சல்லித் தெருவில் திரும்பினார்.

"அப்ப வீட்டை போய் மிச்ச ஆணியையும் கழட்டிச் சுரண்டுவமா?" என்று பின்னாலிருந்து கத்தினார் காக்கா.

"அது பூசினபடியே இருக்கட்டும் காக்கா" என்றார் அத்தான். "மழை வருது."