பெயர்கள் ஓடி முடியும் வரை

புரொஜக்டர் அறைக் கதவின் தாழ்ப்பாள் முதல் உதையிலேயே தெறித்து விழுந்தது. அடுத்த உதைக்குக் கதவு சுவரில் மோதித் திரும்பியது. உள்ளே பாய்ந்த கூட்டத்தில் ஆபரேட்டரின் காலரை முதலில் பிடித்தவன், அவர் தோளில் தூக்கி வளர்த்த மச்சினன்.

“சீன் எங்க மாமா?”

“எந்த சீன்டா?”

பதிலுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. மூக்குக் கண்ணாடி பறந்துபோய் யாருடைய செருப்புக்கு அடியிலோ நொறுங்கியது. கீழே அரங்கத்தில் மதியக் காட்சிக்கு வந்தவர்கள் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார்கள். முறிகிற மரத்தின் சத்தம் புரொஜக்டர் அறையின் சின்ன ஜன்னல் வழியாக எலும்பு முறிகிற சத்தமாகவே கேட்டது.

மச்சினனை ஊரில் எல்லாரும் ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். வெல்டிங் பட்டறையில் வேலை. அந்த விண்வெளிப் படத்தின் முதல் பாகம் வந்தபோது, தன் பைக்கின் பின்னால் தகரத்தில் ஒரு விண்கல வாலைப் பற்றவைத்துக்கொண்டு திரிந்ததால் வந்த பெயர். அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்த பொடியன். “சீதனமா இவனத்தான் குடுத்தாங்க” என்று ஆபரேட்டர் கேலி செய்வார். “உங்களுக்கு அதுவே அதிகம்” என்பாள் மனைவி.

ஆபரேட்டருக்கு ஒரு பழக்கம். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டு, புரொஜக்டரை அணைத்துவிடுவார். அடுத்த காட்சிக்குள் கூட்டிப் பெருக்க வேண்டுமே. யாரோ வெளிநாட்டில் கம்ப்யூட்டர் தட்டியவனின் பெயரைப் படிக்க இங்கே யார் காத்திருக்கப் போகிறார்கள் என்பது அவர் எண்ணம். அப்படித்தான் முதல் பாகத்தில் மாட்டிக்கொண்டார். சாகிற கிரகத்தில் தங்கையை விட்டுவிட்டு, “திரும்பி வருவேன்” என்று சொல்லிக் கதாநாயகன் பறந்துபோவதோடு படம் முடியும். ஆனால் பெயர்கள் ஓடி முடிந்த பிறகு இன்னொரு துண்டுக் காட்சி இருந்தது. பனிக்குள் புதைந்து கிடந்த தங்கை கண் திறக்கிறாள். அதை ஊரே பார்க்காமல் வீட்டுக்குப் போயிருந்தது. விஷயம் வெளியே தெரிந்ததும் ஆபரேட்டருக்குக் கத்திரி என்று பட்டப்பெயர் வந்தது.

மறுநாள் காலை, ஆளில்லாத அரங்கத்தில் மனைவிக்கும் மச்சினனுக்கும் மட்டும் அதை ஓட்டிக் காட்டினார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வந்துடுவான், பாருங்க. எந்தத் தம்பியாவது அக்காவ விட்டுடுவானா?” என்றாள்.

“படத்துல அவ தங்கச்சிக்கா” என்றான் ராக்கெட்.

“எல்லாம் ஒண்ணுதான் போடா.”

இரண்டாம் பாகம் வருவதற்குள் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. மருத்துவமனைக் கட்டிலில் உடம்பு வீங்கிக் கிடந்தபோதும், “அந்தப் பொண்ணக் கூட்டிட்டுப் போக வந்துட்டானா?” என்று தம்பியிடம் கேட்டாள். “வந்துட்டே இருக்கான்க்கா” என்று அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் போய்ச் சேர்ந்தாள். படம் இப்போதுதான் வந்தது. எங்கே பார்த்தாலும் வெடிப்பு, கண்ணாடிக் கோபுரங்கள் சரிந்து விழும் காட்சிகள், புதிய கதாநாயகியோடு இரண்டு ஆட்டம். தங்கை எங்கே என்று ஒரு கிழட்டு இயந்திரம் கேட்கிறது. “அவள் எப்போதோ இறந்துவிட்டாள்” என்கிறான் அண்ணன். அவ்வளவுதான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறான்.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ஆபரேட்டர் வழக்கம்போல விளக்கைப் போட்டு, புரொஜக்டரை அணைத்தார். அப்போதுதான் கீழேயிருந்து ஒரு குரல் எழுந்தது: “கத்திரி மறுபடியும் வெட்டிட்டான்டா.”

“பேர் ஓட்டுங்க மாமா. அதுக்கப்புறம் சீன் இருக்கு” என்று ராக்கெட் பிடித்த காலரை உலுக்கினான்.

“வேணாம்டா.”

“அப்ப இருக்கு. இல்லாட்டி ஏன் வேணாங்கறீங்க?”

ஆபரேட்டர் திரும்பிப் புரொஜக்டரின் சுவிட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். தாடிக்காரன் ஒருவன் நாற்காலிக் காலை ஓங்கினான். முதல் அடியில் கை நகரவில்லை. மூன்றாவது அடியில் இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடங்கின. அவர் கத்தவில்லை, கத்தினால் கை தளர்ந்துவிடும் என்பதுபோல உதட்டைக் கடித்தார். உதடு கிழிந்தது. ராக்கெட் அவரை இடுப்போடு தூக்கி மூலையில் எறிந்தான். சின்ன வயதில் அந்த அறையிலேயே படுத்துத் தூங்கியவன், பொத்தான்கள் எல்லாம் தெரியும். படத்தைப் பெயர்கள் ஓடும் இடத்துக்குத் தள்ளினான்.

அரங்கம் அடங்கியது. கையில் உடைந்த மரத்தோடு, நெற்றியில் வழியும் ரத்தத்தோடு அப்படி அப்படியே நின்று எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். பெயர்கள் ஏறின, ஏறிக்கொண்டே இருந்தன. முந்தின நாள் மாலை சோதனை ஓட்டத்தில் கடைசிப் பெயர் வரை பார்த்தவர் ஆபரேட்டர். ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் மூலையில் கிடந்தபடி தலையைத் தூக்கி ஜன்னல் வழியே பார்த்தார். பாழும் மனசு, ஒருவேளை என்றது.

திரை கறுத்தது. கறுத்தே இருந்தது.

“அழிச்சுட்டான்டா. தூக்குங்கடா அவன.”

படியில் காலடிகள் திமுதிமுவென்று ஏறின. தாடிக்காரன் நாற்காலிக் காலை ஆபரேட்டரின் தலைக்குக் குறிவைத்தான். அதை ராக்கெட்டின் தோள்பட்டை வாங்கியது. அவன் அதே கட்டையைப் பிடுங்கித் தாடிக்காரனின் முகவாயில் வீசினான். வாசலில் வந்தவனை மார்பில் உதைத்தான். அவன் பின்னால் வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு படியில் உருண்டான். பாட்டில் ஒன்று பறந்து வந்து ராக்கெட்டின் புருவத்தைக் கிழித்தது.

“அவரு வெட்டல. படமே அவ்வளவுதான். இனி எங்க மாமா மேல கை வச்சா கைய முறிப்பேன்.”

கீழே போலீஸ் விசில் கேட்டதும் கூட்டம் சிதறியது. உடைந்த கதவில் சாய்ந்து இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

“முன்னாடியே பாத்துட்டீங்களா?”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல? மாடு மாதிரி அடி வாங்குறீங்க.”

“நான் வெட்டிட்டேன்னு நீ நெனச்சா, அந்த சீன் எங்கயோ இருக்குன்னுதானே அர்த்தம்” என்றார் ஆபரேட்டர். “இருந்துட்டுப் போகட்டும்னு பாத்தேன்.”

ராக்கெட் அவருடைய மடங்கிய விரல்களைத் தன் மடியில் எடுத்து வைத்து, விண்கலம் அச்சடித்த சட்டையைக் கழற்றிச் சுற்றினான். சுற்றும்போது அவன் தோள் குலுங்கியது. அக்காவின் சாவில்கூட அவன் அப்படி அழுததில்லை.

வெளியே வந்தபோது பைக்கின் தகர வாலை யாரோ மிதித்து நசுக்கியிருந்தார்கள். மிச்சத்தையும் அவனே பிடுங்கி எறிந்தான். ஆபரேட்டர் பின்னால் ஏறி, நல்ல கையால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“மூணாவது பாகம் வருதாம் மாமா.”

“வரட்டும்.”

“அதுலயாவது…”

“ஆஸ்பத்திரிக்கு விடுடா மொதல்ல.”