மூச்சு விடாத இசை

தேயிலைத் தோட்டப் பள்ளியில் கணக்குப் படிப்பிக்கும் கஸ்பர், கொட்டகலைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் குழுவையும் நடத்துகிறார். இந்தத் திருநாள் பூசையில், நற்கருணைக்குப் பிந்திய மௌனத்தை நிரப்ப, வயலின்களுக்கும் செல்லோவுக்குமாக ஐரோப்பாவில் யாரோ எழுதிய மெதுவான இசையொன்றைக் குழுப் பெண்களின் புல்லாங்குழல்களுக்கு மாற்றி எழுதினார்.

வயலினில் வில் திரும்புவது காதுக்குத் தெரியாது. சுரம் அறாமல் போய்க்கொண்டே இருக்கும். புல்லாங்குழல் வாசிப்பவளுக்கோ நுரையீரல் என்று ஒன்று இருக்கிறது. வயலினின் பெரிய அண்ணனான செல்லோவின் அடித்தொண்டைச் சுரங்கள் எந்தக் குழலிலும் வராததால் அவற்றைத் தூக்கி மேலே வைத்தார். அந்த அவமானத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மூச்சைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒருத்தி மூச்செடுக்கும்போது மற்றவர்கள் இழுத்துப் பிடிக்கட்டும் என்று இசைத்தாளில் ஆளுக்கோர் இடத்தில் சிவப்பு மையால் குறி வைத்தார். ஒத்திகையில் டிலுக்ஷி தன் குறியில் மூச்செடுக்க நின்றாள். எல்லாரும் நின்றார்கள்.

"ஏன் நிப்பாட்டுறீங்க? அவளுக்கு மட்டுந்தானே மூச்சு?"

"அவ நிக்கிறப்ப நாங்க மட்டும் எப்புடி சேர் போறது?" என்றாள் சிசிலி. "ஒன்னா மூச்சு விடுங்கன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

உண்மைதான். பாட்டு வரியின் நடுவே தனியாக மூச்சு விட்டவளை எழுப்பி நிறுத்தியே வளர்த்த குழு அது. அந்த ஒழுக்கத்தில் அவருக்குப் பெருமை வேறு. இப்போது ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்துப் பார்த்தார். மூலைக்கு மூலை சேர்ந்தே வாசிப்பை நிறுத்தினார்கள்.

"எதுக்குக் கஸ்பர் இந்தப் பாடு?" என்றார் பாதர். "கீபோர்டுல வயலின் பட்டன் இருக்குதானே. அமுக்குனா மூச்சே விடாது."

பாதர் சொன்னது சரியாக இருந்ததுதான் கஸ்பருக்கு எரிச்சல்.

"பட்டன் வாசிச்சா நான் பூசைக்கே வரமாட்டேன் பாதர்."

திருநாளன்று குழல்கள் அழகாகவே தொடங்கின. டிலுக்ஷியின் குறி வந்தது. குழு மொத்தமும் நின்றது. அந்தச் சின்ன மௌனத்தில், வரி முடிந்தால் பதில் சொல்லவேண்டும் என்று கஸ்பரிடமே பழகிய சனங்கள், கோயில் அதிர, "ஆமென்" என்றார்கள். அடுத்த குறியிலும் ஆமென். கடைசிக் குறிவரை ஒன்றையும் தவறவிடவில்லை.

பூசை முடிந்ததும் பாதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சனங்க இப்புடி ஒன்னா பதில் சொல்லி நான் கேட்டதே இல்ல. அடுத்த வருசமும் இதையே வைப்போம்."

"அடுத்த வருசம்," என்றார் கஸ்பர், "பட்டனையே அமுக்குங்க பாதர்."