சுவருக்குள் நிற்கும் தூண்கள்

உமாமகேஸ்வரி பத்தொன்பது வருடமாக லிட்டில் இந்தியாவில் ஒரு பயண நிறுவனத்தின் மாடி அறையில் வேலை பார்க்கிறாள். வெளிநாடு போகும் குழுக்களுக்குத் தமிழில் கையேடு எழுதுவாள். எழுதிய ஊர்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. இந்த ஜூனில் சிசிலித் தீவுக்கு அவளையே குழுவோடு அனுப்புவதாக முதலாளி நடேசன் சொல்லியிருந்தார்.

அங்கே உள்ள சிராகூசா நகரத்துப் பேராலயத்தைப் பற்றி ஆசையாக நாலு பக்கம் எழுதினாள். முதலில் அது அதீனா என்ற கிரேக்கத் தெய்வத்தின் கோயில். பின்னால் வந்த கிறிஸ்தவர்கள் அதை இடித்துத் தள்ளவில்லை; தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி மாதா கோயிலாக்கிவிட்டார்கள். அந்தத் தூண்கள் இன்றும் சுவரில் பாதி புதைந்து நிற்கின்றன.

ஜூனில் போகும் யாத்திரைக் குழுவுக்குப் பொறுப்பான அருள்மேரி படித்துவிட்டுப் போன் செய்தார். "நாங்க மாதாவைப் பாக்கப் போறோம். அதீனா கதையெல்லாம் எதுக்கும்மா? எடுத்துடுங்க."

மறுவாரமே ஆகஸ்டில் போகவிருந்த ஓய்வுபெற்றோர் குழுவிலிருந்து பாலகிருஷ்ணன் வந்தார். "பழைய கோயில் மட்டும் போதும். சர்ச் பத்தி வேணாம்."

"சார், ரெண்டும் ஒரே கட்டடம்," என்றாள் உமா நடேசனிடம்.

"அப்ப ரெண்டு புக் போடு லா. நாம என்ன ஹிஸ்டரி கிளாஸா நடத்துறோம்?"

அவளுக்கு மனசு ஆறவில்லை. அருள்மேரியைத் தானே கூப்பிட்டு, "மாதா கோயிலைத் தாங்கி நிக்கிறதே அந்தத் தூணுங்கதாங்க," என்று விளக்கினாள். அது புகாராக நடேசனிடம் திரும்பி வந்தது. "நீ எழுதுறதோட நிறுத்திக்கம்மா. குழுவோட குமரன் போகட்டும்," என்றார். குமரன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

உமா இரண்டு கையேடுகளையும் எழுதிக் கொடுத்தாள். ஒன்றில் அதீனா இல்லை, மற்றதில் மாதா இல்லை. வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. கோபம் இருந்தது; அது யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜூனில் ஒருநாள் மாலை நாலரைக்குக் குமரனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "அக்கா, சுவத்துக்குள்ள ஏன் இவ்ளோ பெரிய தூண்னு எல்லாரும் கேக்குறாங்க. அருள்மேரி ஆன்ட்டிதான் விடாம கேக்குறாங்க. புக்ல இல்லையே?"

முதலில் எழுதிய நாலு பக்கத்தையும் தேடியெடுத்து உடனே அனுப்பினாள். ஐந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

"பரவால்லக்கா, லேட் ஆயிடுச்சு. சும்மா டிசைன்னு சொல்லிட்டேன். இப்ப எல்லாரும் பஸ்ல ஏறிட்டாங்க."