நாயாற்றில் பூட்டிய சோலார் பனல்

இன்று நாயாற்றுக் கடற்கரையில் ஒரு மீன்பிடிப் படகில், சாய்த்துத் திருப்பக்கூடிய சோலார் பனல் பூட்டினேன்.

"அண்ணை, படகு திரும்புற நேரமெல்லாம் இதையும் வெயில் பக்கம் திருப்ப வேணும். அப்பதான் பற்றரி நிறையும்."

"படுக்க வைச்சு இறுக்கிவிடும் தம்பி," என்றார் படகுக்காரர்.

எனக்கு எரிச்சல். "அப்ப ஏன் இந்த ஸ்டாண்டுக்கு ஓடர் தந்தனீங்கள்?"

"அப்ப ரெண்டு பேர் தொழிலுக்குப் போனனாங்கள். நான் எஞ்சின் பிடிச்சா அவன் திருப்புவான் எண்டு."

அவன் என்றது அவருடைய தம்பியை. போன மாதம் கடலில் நெஞ்சு நோ வந்து இறந்தவர். கரைக்குச் சொல்ல எடுத்த போனில் சார்ஜ் இல்லை.

இப்போது இவர் தனியே போகிறார். படுத்த பனல் குறைவாகத்தான் தரும். தெரிந்துகொண்டே இறுக்கினேன்.

உப்புக்காற்றைத் தாங்கி, தானாகவே வெயிலுக்குத் திரும்பும் மலிவான ஸ்டாண்ட் இருந்தால் சொல்லுங்கோ. நான் படித்ததெல்லாம் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார் என்ற கணக்கில்தான்.